ஜவ்வு விற்ற தம்பியும் என் வலது காலும்

என் தம்பிக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. முகம் சுளிப்பதோடு நிற்கிற ரகம் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படியே சாய்ந்துவிடுவான். சின்ன வயதில் நான் தையல் பழகிக்கொண்டிருந்தபோது ஊசி விரலில் ஏறி ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நான் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடக்கிறான். அம்மா ஓடி வந்து என்னைத்தான் அடித்தாள். இப்படிப்பட்டவன் பெரியவனாகி என்ன வேலைக்குப் போனான் என்றால், ஆறாத புண்ணுக்கு மேலே போடுகிற பொருள்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டுபோய் விற்கிற வேலைக்கு. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான்.

ஆரம்பத்தில் பஞ்சு, கட்டுத்துணி, களிம்பு என்றுதான் அவன் பை இருந்தது. பிறகு கம்பெனி உயிர்ப்பொருள் பக்கம் போனது. மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்கிற புரதத்தில் செய்த தகடு முதலில் வந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் ஜவ்வு. பிரசவத்தில் குழந்தையோடு வெளியே வருகிற பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். தாய்மார் சம்மதம் கொடுத்தால் அதை வாங்கி, கழுவி, பதப்படுத்தி, காயவைத்து, உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். உறையைப் பிரித்தால் வெங்காயத்தின் உள்தோல் மாதிரி இருக்கும், விளக்கில் பிடித்தால் விரல் தெரியும். சர்க்கரைக்காரர்களின் ஆறாத கால் புண்ணில் அதை வைத்தால், உடம்பு அதைப் பிடித்துக்கொண்டு புதுச் சதை கட்டும் என்பது கணக்கு. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. வீட்டில் நாங்கள் ஜவ்வு என்றோம். கொஞ்ச நாளில் அவனுக்கே ஜவ்வு என்று பெயர் ஆகிவிட்டது. அவன் பேச ஆரம்பித்தால் இழுக்கிற இழுப்புக்கும் அது பொருத்தமாக இருந்ததால் யாரும் மாற்ற நினைக்கவில்லை.

புண்ணைப் பார்க்க முடியாதவன் புண்ணுக்கு எப்படி விற்பான்? சுவரைப் பார்த்து விற்பான். கட்டுப் போடுகிற அறைக்குள் டாக்டர் பின்னாலேயே போவான், நோயாளியின் கட்டைப் பிரிக்கிற நேரம் பார்த்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அங்கே மாட்டியிருக்கிற காலண்டரையோ கைகழுவும் படத்தையோ முறைத்துக்கொண்டு, ஜவ்வின் அருமை பெருமை எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவான். டாக்டர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். மற்ற விற்பனைக்காரர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள், இந்தப் பையன் நோயாளியின் மானத்தை மதிக்கிறான் என்று அவனை மெச்சினார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதிர்ஷ்டம் என்று வந்தால் திரும்பி நின்றவன் முதுகில்கூட வந்து ஏறிக்கொள்ளும்.

அந்த முதுகுக்குக் கம்பெனி ஒரு நாற்காலியும் கம்ப்யூட்டரும் கொடுத்தது. இனி பை தூக்க வேண்டாம், எந்தப் பொருள் ஏறுகிறது, எந்தப் பொருள் இறங்குகிறது என்று கோடு போட்டுப் பார்த்துத் தலைமை ஆபீசுக்குச் சொன்னால் போதும். அன்றிலிருந்து வீட்டில் எங்களுக்கு நிம்மதி போயிற்று. எதற்கெடுத்தாலும் ட்ரெண்ட். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் ட்ரெண்ட், மாமனார் இரண்டு முறை தும்மினால் ட்ரெண்ட். அவன் பெண்டாட்டி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், வாய் அதிகம் பேசாதவள், அவளே ஒருநாள் என்னிடம் வந்து முறையிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட வெங்காயம் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். வெறுங்கையோட வந்து நிக்கிறார். வெங்காயம் இறங்குமுகமாம், ரெண்டு நாள் பொறுக்கணுமாம். அதுவரைக்கும் அடுப்புல என்னத்தை வைக்கிறது, இவர் போட்ட கோட்டையா?"

நான் அவர்கள் வீட்டுக்குக் கீழே, அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தில் ஒரு தையல் மெஷின், இஸ்திரி மேசை, ஆள் உயரக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை. எலி வளையானாலும் தனி வளை. புதுத் துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பை விடுவது, ஜிப் மாற்றுவது, இப்படி வாங்கின துணியை வாங்கின ஆளுக்குப் பொருந்த வைக்கிறதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில்தான் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் செய்தியைச் சொன்னான்.

"ஜவ்வு விழுந்துட்டுதுக்கா. நம்ம வட்டாரத்துல ஆர்டர் பாதிக்குப் பாதி போச்சு. மார்க்கெட் இப்ப மீன் பக்கம் திரும்புது."

மீன் என்றால் சாப்பிடுகிற மீன் இல்லை. குளிர்ந்த கடல் மீனின் தோலைச் சுத்தம் பண்ணி, அதையும் புண்ணுக்குப் போடுகிறார்கள். புதுச் சரக்கு.

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சுன்னா விழுந்துச்சு. போட்டவங்க மறுபடி கேக்கல. ட்ரெண்டுக்கு ஏன் எதுக்கெல்லாம் கிடையாதுக்கா. எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும், கூடவே போகணும், அவ்வளவுதான்."

எங்கள் வட்டாரத்தில் ஜவ்வை நிறுத்திவிடலாம், அதற்குப் பதில் மீன் தோலை இறக்கலாம் என்று தலைமை ஆபீசுக்கு எழுதினான். பக்கம் பக்கமாக எழுதினான். அவன் வாயால் இழுக்கிறதைப் பார்த்த நமக்குத் தெரியாதா அவன் கையால் எப்படி இழுப்பான் என்று. ஆனால் ஆபீசில் அதைக் கொண்டாடினார்கள். இருக்கிற சரக்கு தீர்ந்ததும் ஜவ்வு நிறுத்தம் என்று முடிவாயிற்று. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது என் காலுக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகின்றன. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது, நானும் வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டேன். மெஷின் பெடலை நான் வெறுங்காலால்தான் மிதிப்பேன். செருப்புப் போட்டு மிதித்தால் வேகம் எனக்குப் பிடிபடாது. ஒருநாள் பெடல் மேல் ஒரு குண்டூசி விழுந்திருக்கிறது. அதை வலது கட்டைவிரலுக்கு அடியில் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், ஒரு வீட்டுத் திரைச்சீலை அத்தனைக்கும் மடிப்புத் தைத்து முடித்திருக்கிறேன். எழுந்து நடந்தபோது கால் தரையில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தது. குண்டூசியின் வெள்ளைத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் தன் காலில் ஏறினதை அறியவில்லை.

ஊசி போனது, புண் போகவில்லை. மாதக்கணக்கில் ஆறவில்லை. கால் புண் பார்க்கிற டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

"புண் எலும்பைத் தொட்டுக்கிட்டிருக்கும்மா. எலும்புக்குள்ள இறங்கிட்டா முதல்ல விரல் போகும். அப்பவும் அடங்கலைன்னா முன்பாதத்தை எடுக்க வேண்டி வரும். அதுக்கு முன்னாடி இதை மூடப் பாக்கணும்."

முன்பாதம் இல்லாமல் என்னால் நடக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை. பெடல் மிதிக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, கஷ்டம் என்றார். அந்த மெஷின்தான் எனக்குப் புருஷன், பிள்ளை, பென்ஷன் எல்லாம். யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கம் எனக்கில்லை, தம்பி வீடாக இருந்தாலும்.

"ஜவ்வு போட்டுப் பாக்கலாம், இந்த மாதிரிப் புண்ணுக்கு அது கேக்கும்," என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த என் தம்பியின் காது சிவந்துபோனது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, ஊருக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்த சரக்கு எனக்கு மட்டும் வேணுமா?"

"உனக்குக் கேக்கும்கா. மார்க்கெட் வேற, கால் வேற," என்றான். மிச்சமிருந்த சரக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

டாக்டரம்மா புண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி ஜவ்வை வைத்தார். அதன் மேல் வலை மாதிரி ஒரு துணி, அதற்கு மேல் பஞ்சு, கட்டு. தம்பி வழக்கம்போலச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். "ஒரு வாரம் உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. மேல் பஞ்சு நனைஞ்சா அதை மட்டும் மாத்துங்க," என்று டாக்டரம்மா சொன்னதை அவன்தான் எனக்கு மறுபடி மறுபடி ஒப்பித்தான்.

வாரத்தின் நடுவில் பஞ்சு ஊறிவிட்டது. வாடையும் வந்தது. என் உள்ளங்காலை நானே பார்க்க முடியாது, குனிந்தால் இடுப்பு விடாது. தம்பி பெண்டாட்டி வெளியூர் போயிருந்தாள். அவனுக்குப் போன் பண்ணி, யாராவது நர்ஸைக் கூட்டி வா என்றேன். நர்ஸ் வரவில்லை, இவனே வந்தான். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான், கையுறை மாட்டினான், என் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான்.

"டேய், வேண்டாம்டா. விழுந்து வைப்பே. உன்னைத் தூக்க இங்க ஆள் இல்ல."

"நீ பேசாம இருக்கா."

பஞ்சைத் தூக்கினான். அது உள்ளே வலையோடு ஒட்டியிருந்ததால் வலையும் கூடவே வந்துவிட்டது. என் தம்பி முதல்முறையாக ஒரு புண்ணைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்தது. மஞ்சளும் வெள்ளையுமாக, கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது என்றான்.

"ஜவ்வு எங்கடா?"

"ஜவ்வு கண்ணாடி மாதிரி இருக்கும்கா. அது இந்நேரம் உள்ள போயிருக்கும். இது சீழ். இதை இப்படியே விட்டா எலும்புக்கு இறங்கிடும்."

உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துடைத்தான். மயக்கம் வராமலிருக்க, போன வருஷத்து விற்பனையை ஊர் ஊராக உரக்கச் சொல்லிக்கொண்டே துடைத்தான். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, தோளால் துடைத்துக்கொண்டான். ஓரம், மூலை, மடிப்பு எதையும் விடவில்லை. எனக்கு வலி தெரியாத கால், ஆனாலும் அவன் எவ்வளவு மெதுவாகச் செய்கிறான் என்பது தெரிந்தது. புதுக் கட்டுப் போட்டு முடித்து நிமிர்ந்தான்.

"அக்கா, நான் விழல."

"விழலடா என் ராசா. நல்லா செஞ்சே," என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டியவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அன்றைக்கு என் வீட்டில் இருந்த சோற்றை எல்லாம் அவனே சாப்பிட்டான். பெண்டாட்டிக்குப் போன் பண்ணி, "நான் பாத்துட்டேன், கண்ணைத் தொறந்து பாத்துட்டேன்," என்று சொன்னான். அவள் என்ன என்று புரியாமல் பயந்துபோனாள்.

வாரக் கடைசியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார்.

"ஜவ்வு எங்கே? யார் தொடைச்சது?"

தம்பி கையைத் தூக்கினான். பாராட்டுக்குத் தூக்குகிற கை அது.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அது சீழ் இல்லங்க. அதுதான் ஜவ்வு. ஊறிக் கரையிற நாள்ல அது பாக்க அழுகின மாதிரி மஞ்சளாத்தான் இருக்கும், லேசா வாடையும் அடிக்கும். அதுக்குக் கீழேதான் புதுச் சதை வந்துக்கிட்டிருக்கும். எல்லாத்தையும் தொடைச்சு எடுத்துட்டீங்களே."

"நான்... எனக்கு..." என்றான் இவன். இழுக்கிற வாய் அன்றைக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

"நீங்க கம்பெனி ஆளு, உங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லல. என் தப்புதான். வீட்டுக்கு அனுப்பினா பாதிப் பேர் இப்படித்தான் சுத்தம் பண்ணிட்டு வர்றாங்க. அதனாலதான் நானே ஜவ்வு எழுதுறதைக் குறைச்சுட்டேன். தொடைச்சுப் போடுறதுக்கா அவ்வளவு விலை?"

அந்த இடத்தில் என் தம்பி சுவரைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவதற்கு எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்த நாள் அது ஒன்றுதான்.

புண் எலும்புக்குள் இறங்கியது. கட்டைவிரலை எடுத்தார்கள். எடுத்த இடமும் மூட மறுத்தது, இனி மூடாவிட்டால் அடுத்தது முன்பாதம் என்றார் டாக்டரம்மா. நான் படுக்கையில் கிடந்தேன். வாடிக்கையாளர்களின் பேண்ட்டுகள் தைக்காமல் கொக்கியில் தொங்கின.

தம்பி லீவு போட்டான். எனக்குப் பக்கத்தில் உட்காருவான் என்று நினைத்தேன். அவன் பழையபடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க ஆரம்பித்தான். விற்கப் போகவில்லை, கட்டுப் போடுகிற நர்ஸ்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனான். ஜவ்வு வைத்த நாலைந்து நாள் கழித்து மஞ்சளாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எல்லா இடத்திலும் ஒரே பதில். சுத்தம் பண்ணுவோம், வேறென்ன? அவன் கோடு எங்கே அதிகமாக விழுந்திருந்ததோ அந்த ஆஸ்பத்திரி சுத்தத்துக்குப் பெயர் போனது. அங்கேயிருந்த மூத்த நர்ஸ், "எங்க வார்டுல ஒரு பொட்டு அழுக்கு நிக்காது சார்," என்று பெருமையாகச் சொன்னாராம். அந்தம்மாவை எப்படிக் குறை சொல்வது?

திரும்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தான். ஜவ்வோடு உறையில் வருகிற விளக்கத்தாள். அதில் இரண்டு படம். புண் முதல் நாள், புண் ஆறின நாள். ரொம்ப அழகான படங்கள்.

"இதுல நடுவுல நாலு படம் இருந்துச்சுக்கா. தலைமை ஆபீஸ் அனுப்பின படம். தமிழ்ல அடிக்கிறப்ப எதை வைக்கலாம்னு என்கிட்டதான் கேட்டாங்க. என்னால பாக்க முடியல. வயித்தைப் புரட்டுச்சு. இதெல்லாம் போட்டா யார் வாங்குவா, எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன், திருப்பிக் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவன் ஒரு வட்டாரத்தின் தலையிலேயே போட்டிருக்கிறான்.

"சரி, இப்ப என்ன பண்ணப் போறே?"

"இன்னொரு ஜவ்வு வேணும்."

தலைமை ஆபீசைக் கேட்டான். உங்கள் யோசனைப்படியே மிச்சச் சரக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டோம், உங்கள் அறிக்கையை மற்ற வட்டாரங்களுக்கும் படிக்க அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. முடிவை மாற்றுங்கள் என்று கெஞ்சினான். நீங்கள் எழுதியதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது என்று புகழ்ந்துவிட்டுப் போனை வைத்தார்கள். தன் வாயால் கெட்டது தவளை மட்டும் இல்லை.

பழைய வாடிக்கைகளை ஒவ்வொன்றாகத் தேடி அலைந்தான். கடைசியில் பஸ் நிற்கிற கடைசி ஊரில், ஒரு சின்ன கிளினிக்கின் மேசை இழுப்பறையில், தேதி முடியாத ஒரே ஒரு உறை கிடைத்தது. அந்த டாக்டர் இவனை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானே இது வேண்டாம், மீனுக்கு மாறுங்கன்னு வந்து சொன்னீங்க?" என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தான். சின்ன அளவு. புண்ணின் ஆழமான இடத்துக்கு மட்டும்தான் வரும்.

அதை வைக்கிறபோது அவன் என் கால் பக்கம் திரும்பி நின்றான். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்து, "உக்காந்துக்கோங்க," என்றார். உட்கார்ந்தான், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. வலைத் துணியை இந்தத் தடவை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டார்கள்.

மறுபடி அந்த நாள் வந்தது. மேல் பஞ்சு ஊறியது. வாடை இந்தத் தடவை இன்னும் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. விரல் போன பயம் வேறு. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கால் ஓடாமல் போய்விடுமோ என்ற பயம். தம்பி பஞ்சை மாற்றினான். வலைக்கு அடியில் மஞ்சளாக மினுமினுப்பதை நானே கண்ணாடியில் பார்த்தேன், என் கடைக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.

"தொடைச்சுடுடா. நாறுது."

"இல்லக்கா. இது அதுதான்."

"எப்படிடா தெரியும்? நிஜமாவே சீழா இருந்தா? தொடைச்சுடு."

"சுத்தி சிவக்கல, வீங்கல, உனக்குக் காய்ச்சல் இல்ல. டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பிட்டேன், தொடாதீங்கன்னுட்டாங்க. நாளைக்கு அவங்களே பாக்கறாங்க. பதறாத காரியம் சிதறாதுக்கா."

பழமொழி சொன்னானா, எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சை எடுத்து, இடுப்பு போனால் போகட்டும் என்று நானே துடைக்கக் குனிந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். உதறினேன், விடவில்லை. வாசலில் அவன் பெண்டாட்டி வந்து நின்று கையைப் பிசைந்தாள். அப்போது நான் சொன்னேன்.

"அன்னைக்குத் தொடைக்கச் சொல்லாமயே தொடைச்சியே, அந்தக் கை எங்கடா போச்சு?"

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான். அவன் முகம் கோணிவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது, துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் களைத்துப்போய்த் தலையணையில் சாய்கிற வரைக்கும் விடவில்லை. பிறகு புதுப் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டு, கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். என்னிடமிருந்து என் காலைக் காவல் காத்தான்.

மறுநாள் டாக்டரம்மா ஒட்டைப் பிரித்து, ஓரத்தை இடுக்கியால் லேசாக விலக்கிப் பார்த்தார். "வந்து பாருங்க," என்று அவனைக் கூப்பிட்டார். மஞ்சளுக்கு அடியில் இளஞ்சிவப்பாகச் சதை பொடிப்பொடியாக எழும்பியிருந்தது. அவன் உடனே அதைப் படம் எடுத்து என்னிடம் நீட்டினான். புதுச் சதை என்று டாக்டரம்மா சொன்னார். பிறகும் ஆற ரொம்ப நாள் பிடித்தது, ஆனால் மூடியது. முன்பாதம் எனக்கே மிஞ்சியது.

அந்த நாட்களில் அவன் தினமும் என் புண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தான். அதையெல்லாம் வரிசையாகப் போட்டு, டாக்டரம்மாவிடம் காட்டித் திருத்தி, ஒரு அட்டை அச்சடித்தான். மஞ்சளான நாளின் படம்தான் அதில் பெரியது. அதன் கீழே, 'இது ஆறுகிற நிறம். பக்கத்துத் தோல் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே கூப்பிடுங்கள். மற்றபடி துடைக்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. கட்டுப் போடுகிற அறை ஒவ்வொன்றிலும் கொண்டுபோய் அவனே மாட்டினான், ஒரு காலத்தில் எந்தச் சுவரைப் பார்த்து விற்றானோ அதே சுவர்களில். என் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் என் பாதம் தெரிந்துபோயிற்று. சட்டையைக் குறைக்க வந்த ஒரு நர்ஸ் என் செருப்பில்லாத காலைப் பார்த்துவிட்டு, "நீங்களா அது?" என்று கேட்டு, பிரபலத்தைப் பார்த்த மாதிரி நின்றாள்.

மீன் தோலும் அதே நாட்களில் அதே மஞ்சள்தான் ஆகுமாம். இப்போது அதை யாரும் துடைக்கவில்லை. போட்டவர்களுக்கு ஆறியது, டாக்டர்கள் மறுபடி எழுதினார்கள், எங்கள் வட்டாரத்தில் மீன் கோடு கூரையைத் தொட்டது. தலைமை ஆபீஸ் கூட்டம் போட்டு, ட்ரெண்டை ஒரு வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்துச் சொன்னவர் என்று என் தம்பிக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. ஜவ்வு விழுந்தது பொருளால் இல்லை, துடைத்ததால், அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அவன் மேடையிலேயே எழுந்து சொன்னானாம். ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் இறங்கினதைப் பற்றி எதற்குப் பேச்சு என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிவிட்டாராம். ஜவ்வு எங்கள் வட்டாரத்துக்குத் திரும்ப வரவில்லை.

அன்று சாயங்காலம் கேடயத்தோடு நேராக என் கடைக்கு வந்தான். நான் மெஷினில் இருந்தேன். இப்போது குதிகாலால் மிதிக்கப் பழகிக்கொண்டேன், மெல்லிய செருப்போடு. வேகம் முன்போல இல்லை, ஆனால் நேராகத்தான் தைக்கிறேன். கேடயத்தை இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளி வைத்தான். தரையில் உட்கார்ந்து, தினமும் செய்கிற மாதிரி என் செருப்பைக் கழற்றி, டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்தான். கட்டைவிரல் இருந்த இடத்தில் டார்ச் நின்றுவிட்டது.

"அக்கா, அன்னைக்கு நான் தொடைச்சு முடிச்சப்ப, நல்லா செஞ்சேன்னு சொன்னியே. டாக்டரம்மா சொன்ன பிறகும் ஒரு வார்த்தை திட்டலியே. ஏன்க்கா?"

நான் நூலை அறுத்தேன்.

"நல்லாத்தானடா செஞ்சே. ஒரு பொட்டு விடாம தொடைச்சே. அவ்வளவு சுத்தமா உன் ஸ்கூட்டரைக்கூட நீ ஒருநாளும் தொடைச்சதில்ல."

அவன் சிரித்தான். விரல் போன பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே என் பாதத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். கால் ஈரமானதோ என்னவோ, எனக்குத்தான் அங்கே உணர்ச்சி கிடையாதே. ஆள் உயரக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவனாக எழுந்திருக்கிற வரைக்கும் பெடலை மிதிக்காமல் இருந்தேன்.